அனுப்பு பட்டனை அழுத்திய பிறகு மெயில் யார் கையில்?

மெயில் வருவது ஒரு வேலை, போவது வேறொரு வேலை. இரண்டுக்கும் சர்வர் வேறு, போர்ட் எண் (சர்வரின் வாசல் எண்) வேறு, பேசிக்கொள்ளும் முறையும் வேறு. பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்தே பழகியவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை; அங்கே எல்லாம் ஒரே பக்கத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. தண்டர்பேர்ட் போல ஒரு மெயில் செயலியைக் கம்ப்யூட்டரில் போட்டதும்தான் ‘வெளிச்செல்லும் சர்வர்’ என்று தனியாக ஒரு இடம் கண்ணில் படும். அதைச் சரியாக நிரப்பாமல் விட்டால் வருவது வந்துகொண்டே இருக்கும், போவது போகாது. மஞ்சக்குப்பத்து வக்கீல் ஆபீஸாக இருந்தாலும் சரி, புதுச்சேரி மிஷன் வீதிக் கடையாக இருந்தாலும் சரி, “மெயில் வருது, போகமாட்டேங்குது” என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடுதல். உபுண்டுவில் ஏதோ ஒரு சின்ன மென்பொருளை நிறுவப் போவீர்கள். அது துணைக்கு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் நிரலையும் இழுத்துக்கொண்டு வரும். திடீரென்று ஒரு திரை வந்து நிற்கும்: இன்டர்நெட் சைட்டா, ஸ்மார்ட்ஹோஸ்ட் வழியாகவா, சாட்டிலைட் சிஸ்டமா, லோக்கல் ஒன்லியா? ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் முதன்முதலாக மெயில் அனுப்பப் போனால் அதுவும் கேட்கும்: வேறு மெயில் செயலியிடம் கொடுக்கவா, இந்தக் கணினியிலேயே இருக்கும் அனுப்பும் நிரலிடம் விடவா, நானே நேராகச் சர்வரோடு பேசி அனுப்பவா?

வார்த்தைகள்தான் வேறு வேறு. கேட்பது எல்லாம் ஒன்றுதான்: நீங்கள் எழுதி முடித்த மெயிலை நான் யாரிடம் ஒப்படைக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல நெட்வொர்க் படித்திருக்க வேண்டியதில்லை. ஒப்படைத்த பிறகு அந்த மெயிலுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் யோசித்தால் போதும். நெட் இல்லை, எதிர்முனை சர்வர் படுத்துவிட்டது, இப்போதைக்குப் போகாது என்றால், அதை வைத்துக்கொண்டு காத்திருந்து மறுபடி மறுபடி முயல்வது யார்? தேர்வை முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

பொறுப்பு கை மாறும் இடம்

மெயில் அனுப்பும்போது உள்ளே நடப்பது ஒரு உரையாடல். அதன் விதிகளுக்குத்தான் எஸ்எம்டிபி என்று பெயர். ஜான் போஸ்டல் 1982-இல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதி வைத்தது. நிறையத் திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனால் எலும்புக்கூடு இன்னும் அதேதான்.

உங்கள் செயலி சர்வரைத் தொடர்புகொண்டதும் சர்வர் ‘220’ என்று வரவேற்கும். செயலி ‘எஹ்லோ’ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முடியும். அப்புறம் ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புபவர் முகவரி, ‘ஆர்சிபிடி டு’ என்று பெறுபவர் முகவரி. ஒவ்வொன்றுக்கும் சர்வர் ‘250’ என்று தலையாட்டும். ‘டேட்டா’ என்று செயலி சொன்னதும் ‘354, கொடுங்கள்’ என்று பதில் வரும். முழு மெயிலும் போகும். கடைசியாக ஒரு வரியில் தனியாக ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் முடிவு. அதற்குச் சர்வர் மறுபடி ‘250’ சொல்கிறதே, அந்த 250 தான் முக்கியமானது.

பார்சல் சர்வீஸ் புக்கிங் ஆபீஸில் ரசீது வாங்குவது போல அது. ரசீது கையில் வரும் வரை மூட்டை உங்களுடையது. வந்த பிறகு, சேர்ப்பதோ, சேர்க்க முடியவில்லை என்று திரும்பச் சொல்வதோ அவர்கள் பாடு. எஸ்எம்டிபி விதியும் இதையேதான் சொல்கிறது: கடைசி 250-ஐச் சொன்ன சர்வர், மெயிலைச் சேர்க்க வேண்டும் அல்லது சேரவில்லை என்று அனுப்பியவருக்குத் தகவல் தர வேண்டும். பாதி வழியில் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

250 வராமல் வேறு எண் வந்தால் அதன் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகப் பிரச்சினை, கொஞ்சம் பொறுத்து மறுபடி வா என்று அர்த்தம். 5-இல் தொடங்கினால் முடியாது, திரும்பத் திரும்ப வந்து பயனில்லை. 535 என்றால் பாஸ்வேர்ட் தகராறு. 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை, அல்லது உங்கள் மெயிலை ஏற்க மறுக்கிறார்கள். 552 என்றால் அளவு அதிகம். ஸ்கேன் செய்த கேஸ் கட்டு 20 எம்பி தானே, ஜிமெயிலில் 25 எம்பி வரை போகுமே என்று நினைப்போம். மெயிலில் இணைப்பு போகும்போது எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டு அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 20 எம்பி அங்கே போய்ச் சேரும்போது 26, 27 ஆகியிருக்கும்.

இந்த எண்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. “எரர் வருது” என்று போனில் சொல்வதற்கும் “535 வருது” என்று சொல்வதற்கும் ஒரு மணி நேர வேலை வித்தியாசம்.

செயலியே நேராகப் பேசுவது

முதல் வழி இது. தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ எதுவாக இருந்தாலும், செயலியே உங்கள் மெயில் கணக்கு இருக்கும் நிறுவனத்தின் சர்வரோடு எஸ்எம்டிபி பேசும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான தேர்வு. இதைத் தாண்டி யோசிக்க உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

நிரப்ப வேண்டியது சர்வர் பெயர், போர்ட், பயனர் பெயர், பாஸ்வேர்ட். இதில் ஆளைக் குழப்புவது போர்ட். 25, 465, 587 என்று மூன்று எண்களைப் பார்ப்பீர்கள். 25 என்பது சர்வரும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல். அது உங்களுக்கானது இல்லை. ஆரம்பத்தில் எல்லாரும் 25-இலேயே வந்து போனார்கள். ஸ்பேம் பெருகியதும், ஆட்கள் மெயில் கொடுக்கத் தனி வாசல் வேண்டும் என்று 1998-இல் 587-ஐ ஒதுக்கினார்கள்; அங்கே பாஸ்வேர்ட் கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்பது பின்னால் கட்டாயமானது. அதில் பேச்சு சாதாரணமாகத் தொடங்கி, நடுவில் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளை வந்த பிறகு, வேறு யாரும் படிக்க முடியாத மறைகுறியாக்கத்துக்கு மாறும். 465-இல் முதல் எழுத்திலிருந்தே மறைகுறியாக்கம்தான். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314, முடிந்தால் 465-ஐயே விரும்புங்கள் என்கிறது. என் பரிந்துரையும் அதுதான். உங்கள் நிறுவனம் 465 தரவில்லை என்றால் 587, ஆனால் செயலியில் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டாயம் என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா பாருங்கள். மறைகுறியாக்கம் ‘எதுவும் இல்லை’ என்று வைத்து அனுப்பினால், பஸ் நிலைய வைஃபையில் உங்கள் பாஸ்வேர்ட் திறந்த புத்தகமாகப் போகிறது. இதில் சமரசமே வேண்டாம்.

ஜிமெயில்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளிச்செயலிகள் நுழைவதை 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் கூகுள் நிறுத்திவிட்டது. தண்டர்பேர்ட் போன்றவை பிரவுசர் ஜன்னலைத் திறந்து கூகுளிடமே அனுமதி வாங்கிக்கொள்ளும். ஓஆத் என்பது அதுதான். அது தெரியாத பழைய செயலி, ஸ்கேனர், பிரிண்டர் இவற்றுக்கு, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்துள்ள தனி ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். எத்தனையோ ஆபீஸ்களில் ஸ்கேனரிலிருந்து மெயில் போவது ஒருநாள் திடீரென்று நின்றுபோனதற்கு இதுதான் காரணம். ஸ்கேனர் கெட்டுப்போகவில்லை.

சரி, இந்த வழியில் பொறுப்பு யாருக்கு? 250 வரும் வரை உங்களுக்கும் உங்கள் செயலிக்கும். நெட் இல்லாத நேரத்தில் அனுப்பு அழுத்தினால் தண்டர்பேர்ட் பிழைச்செய்தி காட்டும்; எழுதிய ஜன்னல் அப்படியே நிற்கும். ஆஃப்லைன் நிலையில் வைத்திருந்தால் அவுட்பாக்ஸில் போட்டு வைத்து, ஆன்லைனுக்கு வந்ததும் அனுப்பும். நல்லதோ கெட்டதோ, விஷயம் உங்கள் கண்முன் நடக்கிறது. போகவில்லை என்றால் போகவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரே ஆள், ஒரே லேப்டாப் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கணினிக்குள்ளேயே ஒரு தபால்காரர்

இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். யூனிக்ஸ் காலத்தில் ஒரு பெரிய கணினியில் ஏராளமானோர் வேலை செய்தார்கள். அது ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். மெயில் எழுதும் செயலி எதுவாக இருந்தாலும், எழுதியதை அந்தக் கணினியிலேயே இருக்கும் ஒரு நிரலிடம் கொடுத்துவிட்டால் போதும். கொண்டு சேர்ப்பது அதன் வேலை. பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் அப்படி வந்ததுதான். பின்னால் பிலிப் ஹேசல் கேம்பிரிட்ஜில் 1995-இல் எக்ஸிமையும், வீட்சே வெனமா ஐபிஎம்மில் இருந்தபோது 1998-இல் போஸ்ட்ஃபிக்ஸையும் வெளியிட்டார்கள். பழைய செயலிகள் குழம்பக் கூடாது என்பதற்காக இவையும் ‘சென்ட்மெயில்’ என்ற பெயரிலேயே ஒரு கட்டளையை வைத்துக்கொண்டன. அதனால்தான் இன்றைக்கும் லினக்ஸில் பல நிரல்கள் மெயில் அனுப்ப அந்தப் பெயரைத் தேடிப் போகின்றன.

இதன் பெரிய பலம் வரிசை. செயலியிடமிருந்து மெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, போகவில்லை என்றால் மறுபடி மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 5 நாள் வரை விடாது. முதலில் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, பிறகு இடைவெளி கூடி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரை போகும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியதையும் பார்த்த ஊர் இது. கார்த்திகை, மார்கழியில் நெட் போவதும் வருவதும் நமக்குப் பழக்கம். இன்வெர்ட்டரில் ஓடும் ஆபீஸ் கணினி ஒன்று இருந்து, அது தினமும் பில், ஸ்டாக் அறிக்கை, பேக்கப் தகவல் என்று தானாக மெயில் அனுப்புகிறது என்றால், அதன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து ‘மறுபடி முயல்’ அழுத்திக்கொண்டிருக்க முடியாது. அங்கே வரிசை வைத்திருக்கும் ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் தேவைதான்.

ஆனால் அதே வரிசையால் வரும் ஆபத்தும் உண்டு. செயலியைப் பொறுத்தவரை மெயில் போய்விட்டது. சென்ட் பெட்டியிலும் பிரதி உட்கார்ந்திருக்கும். உண்மையில் அது உங்கள் கணினியின் வட்டிலேயே காத்துக்கொண்டிருக்கலாம். ‘மெயில்க்யூ’ என்று ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். லேப்டாப்பில் இப்படி வைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம்: அனுப்பு அழுத்திவிட்டு மூடியைச் சாத்தி, பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டால், லேப்டாப் தூங்கும் வரை மெயிலும் தூங்கும். அதனால் லேப்டாப்பில் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டிலிருந்து நேராக அனுப்பினால் என்ன?

போஸ்ட்ஃபிக்ஸ் கேட்கும் ‘இன்டர்நெட் சைட்’ என்ற தேர்வு நியாயமானதாகத் தோன்றும். நம்மிடம் இன்டர்நெட் இருக்கிறதே என்று பலரும் எண்டரைத் தட்டிவிடுவார்கள். அதன் அர்த்தம் வேறு. உங்கள் கணினி யாருடைய துணையும் இல்லாமல், பெறுபவரின் டொமைனுக்கு எந்தச் சர்வர் மெயில் வாங்குகிறது என்று டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் எம்எக்ஸ் பதிவைப் பார்த்து, போர்ட் 25 வழியாக நேராக அதன் கதவைத் தட்டும்.

லாஸ்பேட்டையிலோ செம்மண்டலத்திலோ இருக்கும் ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இது வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில், வைரஸ் புகுந்த கணினிகள் ஸ்பேம் அனுப்பாமல் இருக்க, வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் போர்ட் 25-ஐ அடைத்து வைக்கும் இணைய நிறுவனங்கள் பல. அடைக்கவில்லை என்றாலும் உங்கள் ஐபி முகவரி அடிக்கடி மாறும். நேற்று அதை வைத்திருந்தவர் செய்த பாவம் இன்று உங்கள் தலையில். ஸ்பேமைத் தடுக்கும் அமைப்பான ஸ்பேம்ஹாஸ் நடத்தும் பிபிஎல் பட்டியல், வீட்டு இணைப்புகளுக்கான முகவரிகளை ‘இங்கிருந்து நேராக மெயில் வரக் கூடாது’ என்று மொத்தமாகவே குறித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்து முடிவெடுக்கும் சர்வர்கள் உங்களை 5-இல் தொடங்கும் எண் சொல்லித் திருப்பி அனுப்பும். அந்த ஐபி முகவரியைத் திருப்பித் தேடினால் உங்கள் டொமைன் பெயரும் வராது. அது இன்னொரு கரும்புள்ளி.

எனவே போஸ்ட்ஃபிக்ஸ் வேண்டும் என்றால் ஸ்மார்ட்ஹோஸ்ட் அல்லது சாட்டிலைட் என்று தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் மெயில் நேராகப் போகாமல் வேறொரு சர்வர் வழியாகப் போகும். அமைப்புக் கோப்பில் ‘ரிலேஹோஸ்ட்’ என்ற வரியில் உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வரையும் போர்ட்டையும் கொடுத்து, பாஸ்வேர்டையும் சேர்த்துவிட்டால், வரிசை உங்களிடம் இருக்கும், வெளியே கொண்டு சேர்க்கும் வேலை நற்பெயர் உள்ள சர்வரிடம் இருக்கும். மெயிலே அனுப்பத் தேவையில்லாத கணினி என்றால் லோக்கல் ஒன்லி போதும்.

வரிசை வேண்டாம், கட்டளை மட்டும் போதும் என்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு: எம்-எஸ்எம்டிபி என்ற குட்டி நிரல். டெர்மினலில் மட் என்ற செயலியை வைத்து மெயில் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான பெயர். வெளியிலிருந்து பார்த்தால் சென்ட்மெயில் போலவே நடந்துகொள்ளும், ஆனால் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. வாங்கிய கையோடு உங்கள் நிறுவனத்தின் சர்வரிடம் கொடுக்கும். முடியவில்லை என்றால் அப்போதே பிழை சொல்லிவிடும். இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் ஃப்ரம் முகவரியைப் பார்த்து எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று தானே தேர்ந்தெடுக்கும்படி அமைக்கலாம். பாஸ்வேர்ட் எழுதிய கோப்பை மற்றவர் படிக்க முடியாதபடி 600 அனுமதியில் வையுங்கள். பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதாமல் வேறொரு கட்டளை மூலம் எடுக்கும் வசதியும் இதில் இருக்கிறது. அது இன்னும் நல்லது.

மூன்றாவது வழி, இன்னொரு மெயில் செயலியிடம் கொடுப்பது. அனுப்பு அழுத்தினால் வேறொரு செயலி திறந்து, அங்கே மறுபடி அனுப்பு அழுத்த வேண்டும். இணைப்புகள் பல சமயம் கூட வராது. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

எந்த முகவரியோ அந்தச் சர்வர்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விதியை மீறாதீர்கள்: ஃப்ரம் வரியில் எந்த டொமைன் இருக்கிறதோ, அந்த டொமைனுக்கு உரிய சர்வர் வழியாகவே அனுப்புங்கள். கடைக்கென்று சொந்த டொமைனில் முகவரி வாங்கிவிட்டு, அனுப்புவதை மட்டும் தனிப்பட்ட ஜிமெயில் கணக்கின் சர்வரில் விடுபவர்கள் நிறைய. அந்தக் கடை முகவரியை ஜிமெயில் அமைப்பில் மாற்று முகவரியாகச் சேர்க்கவில்லை என்றால், ஜிமெயில் ஃப்ரம் வரியையே மாற்றி உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டு அனுப்பிவிடும். வாடிக்கையாளர் பதில் போடுவது வேறு பெட்டிக்கு வரும்.

இதைவிடப் பெரிய விஷயம் நம்பகம். உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து போடுவது டிகிம். ஃப்ரம் டொமைனோடு இந்த இரண்டில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றையும் ஜிமெயில் கட்டாயமாக்கியிருக்கிறது. சின்ன ஆபீஸ்களும் இப்போதே சரிசெய்து வைத்துக்கொள்வது நல்லது. சம்பந்தமில்லாத சர்வரிலிருந்து போனால் மெயில் போய்ச் சேரும், ஸ்பேம் பெட்டியில். கொட்டேஷன் அனுப்பினேனே என்று நீங்களும், வரவேயில்லையே என்று அவர்களும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், சென்ட் பெட்டிப் பிரதி. எஸ்எம்டிபி அனுப்பும் வேலையை மட்டும்தான் செய்யும். பிரதியைச் சேமிப்பது பொதுவாகச் செயலியின் தனி வேலை. ஜிமெயிலோ தன் சர்வர் வழியாகப் போன மெயிலைத் தானே சென்ட் பெட்டியில் வைத்துக்கொள்ளும். செயலியும் ஒன்றைச் சேமித்தால் இரண்டிரண்டாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் செயலியில் பிரதி சேமிப்பதை அணைத்துவிடுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, உங்களுடைய இன்னொரு ஜிமெயில் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். வந்த மெயிலில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து ‘ஷோ ஒரிஜினல்’ கொடுங்கள். ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் மெயில் எந்தெந்தச் சர்வர் கை மாறி வந்தது என்று வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு வாங்கியது என்பது உட்பட. தாமதம் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை. அதே பக்கத்தின் தலையில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரில் முடிவு இருக்கும். மூன்றும் பாஸ் என்றிருந்தால், அமைப்பில் இனி கை வைக்காதீர்கள்.